ஐம்பது மீட்டர் ஓட்டத்தில் இளவேனில் கேமரா ஏந்திய படலம்

வாழ்க இளவேனில்.

லால்குடிக்கு வடக்கே நாற்றுக்கும் களைக்கும் நடுவே வளர்ந்து, தன் குடியில் ஒருவரும் ஏறாத கல்லூரிப் படியை முதன்முதலாய் ஏறி, முதல் தலைமுறைப் பட்டதாரி என்று அரசு எழுதித் தந்த சான்றிதழை லேமினேட் செய்து, ஸ்ரீரங்கத்தில் தன் அக்காள் ராசாத்தியின் வாடகை வீட்டு டிவிக்கு மேலே, சாமி படத்துக்கும் ஒரு சாண் உயரத்தில் மாட்டி வைத்த பெருந்தகையாள் வாழ்க. ஷேர் ஆட்டோவில் மூவர் அமரும் இருக்கையில் ஐந்தாவதாக இடித்து உட்காருவோரை ஒரே பார்வையில் இறக்கிவிடும் அவள் விழிகள் வாழ்க. “பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ கோவம் ஆகாது” என்று அவளிடம் ஒருமுறை சொன்ன எவரும் மறுமுறை சொன்னதில்லை. அந்தக் கோபமும் வாழ்க. எல்லாவற்றுக்கும் மேலாக அவளது வலக்கை ஆள்காட்டி விரல் வாழ்க. இனி உரைக்கப்போகும் பெருஞ்சமரில் திசைகள் அதிரப் பொருதது அந்த ஒரு விரலே.

கலைமகளே, பக்கத்தில் நில். கேமராவோடு வந்த கையேடு இருநூற்று எழுபது பக்கம். அதை முழுவதும் வாசித்த உயிர் இவ்வுலகில் இவள் ஒருத்தியே, எழுதியவனும் வாசித்திருக்கமாட்டான்.

போர் மூண்ட காரணம் கேளுங்கள்.

காவிரி ஒருபுறமும் கொள்ளிடம் மறுபுறமும் காவல் காக்கும் அத்தீவில், பெயர் சொல்லி ஆகப்போவது ஒன்றுமில்லாத ஒரு தனியார் பள்ளியின் திடலில், சென்ற ஆண்டு விளையாட்டு விழாவில், ராசாத்தியின் ஒரே மகளும் அப்போது ஒன்றாம் வகுப்பு மாணவியும் ஆகிய தேவதர்ஷினி, ஐம்பது மீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தாள். ஊரறிய வந்தாள். பரிசாக ஒரு பிளாஸ்டிக் டிபன் டப்பாவும் பெற்றாள். ஆனால் சித்திரையில் பள்ளி வாசலில் எழுந்தருளிய ‘அட்மிஷன் நடைபெறுகிறது’ என்னும் ஃப்ளெக்ஸில், ‘எங்கள் வேகப் புயல்’ என்ற சொற்களுக்குக் கீழே சிரித்துக்கொண்டிருந்தவள் அதே ஓட்டத்தில் நான்காவதாக வந்த சிறுமி.

அன்று இளவேனில் பள்ளி அலுவலகத்துக்குள் புகுந்த வேகத்தில் மேசைமேல் இருந்த கொடி சாய்ந்தது. ஃப்ளெக்ஸ் வடிவமைப்பவரும், கட்டண ரசீது கிழிப்பவரும், மணி அடிப்பவர் வராத நாளில் மணி அடிப்பவருமாகிய பீமராவ், கணினியிலிருந்து தலை தூக்காமலே தீர்ப்புரைத்தார்.

“உங்க பாப்பா போட்டோ யாருமே குடுக்கலையேங்க. போட்டோ இல்லாம நான் எதப் போடுறது? ஓடுற மாதிரி ஒண்ணு இருந்துச்சு, போட்டேன். எத்தனாவதா வந்துச்சுன்னு ரோட்டுல போறவன் கேக்கவா போறான்?”

போட்டோ இருக்கத்தான் இருந்தது. சத்திரம் பேருந்து நிலையத்துக்கு அருகே துணிக்கடையில் காலை முதல் இரவு வரை நின்றே வேலை செய்யும் ராசாத்தி, அன்று அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்து, தன் செல்போனில் எடுத்த போட்டோ. அதில் பச்சையாக ஒரு தீற்றல், அதன் பின்னே கறுப்பாக ஒரு தீற்றல். பச்சை, சீருடை. கறுப்பு, பின்னல். அவ்விரண்டுக்கும் இடையே எங்கோ அவள் மகள் வென்றுகொண்டிருந்தாள்.

அதன்பின் ராசாத்தி மகளைப் பள்ளியில் விடும்போதெல்லாம் அந்த ஃப்ளெக்ஸ் வரும் இடத்தில் தரையைப் பார்த்து நடந்தாள். தேவதர்ஷினி தரையைப் பார்க்கவில்லை. “நாந்தானே சித்தி ஃபர்ஸ்ட்டு? அப்ப அந்தப் புள்ள எதுக்கு அங்க இருக்கு?” என்று கேட்டாள். ஒளியியல் தாளில் எண்பத்தொன்று வாங்கிய இளவேனிலுக்கு அது பாடத்திட்டத்துக்கு வெளியிலிருந்து வந்த கேள்வி. ஆகவே அவள் சூளுரைத்தாள்: அடுத்த ஃப்ளெக்ஸில் இந்த முகம் இருக்கும், இராவிட்டால் டிவிக்கு மேலே தொங்கும் அந்தச் சான்றிதழைக் கழற்றிப் பரணில் போடுவேன்.

படைக்கலம் வேண்டுமே. மார்கழி பிறந்தது. மார்கழியில் மேளம் இல்லை, முகூர்த்தம் இல்லை, ஆகவே கல்யாண போட்டோகிராபர்களுக்கும் வேலை இல்லை. எடமலைப்பட்டி புதூரில் கல்யாணங்களைப் படமெடுத்துப் பிழைக்கும் பிரான்சி, கல்லூரியில் இளவேனிலுக்குப் பக்கத்து பெஞ்சில் இருந்தவள், சும்மா கிடந்த தன் கறுப்புக் கேமராவைத் துண்டில் பொதிந்து தோழியின் கையில் ஈந்து, ஈந்த கையோடு படைக்கல நுட்பமும் ஓதினாள்.

“ஓடுற புள்ளைன்னா ஷட்டர ஆயிரத்துல வையி. முக்கியமா பர்ஸ்ட் மோடுல போடு. அமுக்கிப் புடிச்சுக்கிட்டே இருந்தா பத்துப் பதினஞ்சு விழும், அதுல ஒண்ணு தேறும்.”

“பதினஞ்சுல ஒண்ணா? நான் என்ன குருட்டடியா அடிக்கப்போறேன்?”

“அடியே, தாலி கட்டுறப்ப நான் நாப்பது அமுக்குவேன். முப்பத்தொம்பதுல எவனாச்சும் முழங்கைய நீட்டிக்கிட்டு நிப்பான். திமிரு பண்ணாம சொன்னதச் செய்யி.”

இனி அக்கேமராவினுள் அரசாண்ட மூவேந்தர் திறம் உரைப்போம்.

ஷட்டர் ஸ்பீடு என்னும் வேந்தன் ஒரு நொடியை ஆயிரம் துண்டாக நறுக்கி ஒரு துண்டை மட்டும் எடுத்துத் தருபவன். அவன் விரைந்தால் பறக்கும் குழந்தை பறந்தபடியே உறையும். ஆனால் உள்ளே வரும் ஒளி வறண்டுபோகும். அப்பர்ச்சர் என்னும் வேந்தன் வாயில்காப்போன். கதவை அகலத் திறந்தால் ஒளி வெள்ளமாய்ப் பாயும். ஆனால் மூக்கு தெளிந்தால் காது மங்கும். ஐ.எஸ்.ஓ. என்னும் வேந்தனோ இல்லாத ஒளியை இருப்பதுபோல் காட்டும் மாயக்காரன். அவனை உயர்த்திவிட்டால் கூலியாகப் படமெங்கும் ரவையைத் தூவிவிட்டுப் போவான். ஒருவன் எழ ஒருவன் விழ, ஒருவன் சிரிக்க இருவர் முறைக்க, இம்மூவரையும் ஒரே பந்தியில் உட்காரவைப்பது யாரால் ஆகும்? சம்பந்தி வீட்டார் மூவரைச் சமாதானப்படுத்தியவர்களுக்கே அது ஓரளவு கைகூடும்.

அரையாண்டு விடுமுறை முழுவதும் ராசாத்தி வீட்டு மொட்டைமாடி போர்ப்பயிற்சிக் களமாயிற்று. காயும் புடவைகளுக்கும் வடகத்துக்கும் ஊடே தேவதர்ஷினி ஓடிவருவாள். இளவேனில் கேமராவைக் கண்ணில் வைப்பாள். வைத்த அக்கணமே ஏதோ ஒரு வேந்தன் முரண்டு பிடிப்பான். “நில்லு, நில்லு. ஆடாத. செட்டிங் பாக்கணும்” என்று ஆணை பிறக்கும். குழந்தை நிற்கும். குதிகால் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, கழுத்தை நீட்டி, பள்ளி அடையாள அட்டைக்கு நின்றதுபோல் நிற்கும். சித்தி சக்கரத்தைத் திருகி, திரையைப் பார்த்து, நாக்கைக் கடித்து, மறுபடி திருகி, கடைசியில் ‘டிக்’ என்று ஒலி எழுப்பிய பிறகே மூச்சு விடும். பத்து நாளில் இவ்வாறு இருநூற்றுச் சொச்சம் முறை. ஓடிய பொழுதைவிட நின்ற பொழுதே அதிகம். ஏழாம் நாள் முதல் “நில்லு” என்று சொல்லவும் தேவையிருக்கவில்லை. என்ன சமத்து என்று இளவேனில் மகிழ்ந்தாள்.

போர் நாள் புலர்ந்தது.

கொள்ளிடத்திலிருந்து எழுந்த மார்கழிப் பனி திடலை விழுங்கியிருந்தது. எந்தத் தெருவில் நின்றாலும் தெரியும் ராஜகோபுரமே தெரியவில்லை. அப்பனியினுள், கழுத்தில் விசிலும் கையில் சுண்ணாம்புத் தூள் வாளியுமாக உடற்கல்வி ஆசிரியர் அருள்ராஜ் ஓட்டப் பாதைகளுக்குக் கோடு போட்டுக்கொண்டே போக, பின்னாலேயே பெற்றோர் பெரும்படை அக்கோடுகளை மிதித்து அழித்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு கையிலும் ஒரு செல்போன். தூக்கிய கைகளால் திடல் கரும்புக்கொல்லை போல் ஆயிற்று. “கயித்துக்கு அந்தப் பக்கம் போங்க, பேரண்ட்ஸ்லாம் கயித்துக்கு அந்தப் பக்கம்” என்று அருள்ராஜ் முழங்க, படை ஓரடி பின்வாங்கி ஈரடி முன்னேறியது.

அப்போது பனியைக் கிழித்து, நாதஸ்வரத்தைத் தோளில் சாய்த்து வருவார்போல் ஒரு நெடிய லென்ஸ் வந்தது. சற்றுப் பின்னே அதன் உரிமையாளர் ஸ்ரீதர் வந்தார். உத்தர வீதிவாசி, சௌமியா என்னும் இரண்டாம் வகுப்புச் சிறுமியின் தந்தை, பதினொரு பாக்கெட் வைத்த காக்கிக் கோட்டு அணிந்தவர், பறவைகளைப் படமெடுக்கும் வாட்ஸப் குழுக்கள் மூன்றில் அட்மின். வெற்றிக்கோட்டின் நேர்ப் பின்னால் ரிப்பன் பிடிக்கப்போகும் இடத்துக்கு எதிரே ஆறரை மணிக்கே வந்து மண்டியிட்டு இடம் பிடித்திருந்த இளவேனிலைக் கண்டார். கண்டு, அருகில் குனிந்து, வேண்டாத வரம் தரும் முனிவர்போல் வாய் மலர்ந்தார்.

“என்ன மோடுல வெச்சிருக்கேம்மா?”

“மேனுவல்.”

“மேனுவலா? அதெல்லாம் வேண்டாம்மா. பழகாதவாளுக்கு ஆட்டோதான் சேஃப். இப்படிக் குடு, நான் வெச்சுத் தரேன்.”

அவர் கை டயலை நோக்கி நீண்டது. பேருந்தில், வங்கியில், நேர்முகத் தேர்வில், கணினி வாங்கப் போன கடையில், இருபத்து நான்கு ஆண்டுகளாக அவள் கையிலிருப்பதைத் தானாகவே வாங்கிச் சரிசெய்து தர நீண்ட எல்லாக் கைகளும் அந்த ஒரு கையில் வந்து கூடின.

“கைய எடுங்க சார்.”

கை எடுக்கப்பட்டது. சுற்றி நின்ற செல்போன்கள் ஒரு கணம் திரும்பின.

“நல்லதுக்குத்தானேம்மா சொன்னேன்.”

“நல்லதுதான் சார். உங்க கேமராவுக்குச் சொல்லுங்க, அது கேக்கும்.”

ஸ்ரீதர் அஞ்சவில்லை. நன்மை செய்ய வந்தவர்கள் எளிதில் அஞ்சுவதில்லை. போகிறபோக்கில் இறுதி அம்பை எய்தார்: “சரி, பர்ஸ்ட்லயாவது வெச்சுக்கோ. சிங்கிள் ஷாட்ல ஓடற குழந்தையப் பிடிக்கறதெல்லாம் எங்களுக்கே கஷ்டம்.”

எங்களுக்கே. அந்த ஏகாரத்தில் விதி தன் ஆசனத்தில் எழுந்து உட்கார்ந்தது. அதுவரை பிரான்சி சொன்னபடி கேமரா பர்ஸ்ட் மோடில்தான் இருந்தது. இளவேனிலின் நெற்றி நரம்பு ஒருமுறை துடித்தது. கேட்போர் அஞ்சும் ஒலியோடு பொத்தானைத் தள்ளி அதைச் சிங்கிளுக்கு மாற்றினாள். ஒரே ஓட்டம், ஒரே அமுக்கு, ஒரே படம். மூன்று வாட்ஸப் குழுவும் பார்க்கட்டும்.

பந்தயம் எட்டரைக்கு என்றார்கள். சிறப்பு விருந்தினர் ஒன்பதே முக்காலுக்கு வந்தார். அவருக்குப் பொன்னாடை, அவருக்குப் பொன்னாடை போர்த்தியவருக்குப் பொன்னாடை, பொன்னாடைத் தட்டை ஏந்தி நின்றவருக்கும் மிச்சமிருந்த ஒரு பொன்னாடை. இதற்கிடையே வானம் செய்த வஞ்சம் சொல்லி முடியாது. பனியில் ஆறாயிரத்து நானூறில் இருந்த ஐ.எஸ்.ஓ., பனி மெலிந்ததும் மூவாயிரத்து இருநூறுக்கு இறங்கி, வெயில் எட்டிப் பார்த்ததும் எண்ணூறுக்கு வீழ்ந்து, மேகம் மறைத்ததும் பதறி மேலேறி, கோபுரம் பொன்னாய்ப் பளிச்சிட்ட கணத்தில் இருநூறில் தலைசுற்றி விழுந்தது. ஏழு முறை திருகினாள். முழங்காலில் சுண்ணாம்பு, கழுத்தில் வியர்வை, கட்டை விரலில் கொப்புளம். எட்டாம் முறை சிறப்பு விருந்தினர் இளைஞர் சமுதாயத்துக்குக் கூறிய அறிவுரையின் நடுவே, மூவேந்தரும் களைத்துப்போய் ஒரு பந்தியில் அமர்ந்தனர். ஷட்டர் ஆயிரம். அப்பர்ச்சர் ஐந்து புள்ளி ஆறு. ஐ.எஸ்.ஓ. நானூறு. படம் பளிங்குபோல் வந்தது. பரிசோதனைக்கு அகப்பட்டவர் பீமராவ். அவர் மீசையில் ஒட்டியிருந்த கேசரி வரை எண்ண முடிந்தது.

இரண்டாம் வகுப்புச் சிறுமியர், ஐம்பது மீட்டர். ஆறு பாதைகள், ஆறு பெண்கள். மூன்றாம் பாதையில் தேவதர்ஷினி, நான்காம் பாதையில் சௌமியா. வெற்றிக்கோட்டில் ரிப்பனின் ஒரு முனையை அருள்ராஜ் பிடித்தார். கயிற்றோரம் ராசாத்தி, கையில் குளுக்கோஸ் கரைத்த தண்ணீர் பாட்டிலும் வாயில் வேண்டுதலும். செல்போனை இம்முறை அவள் வெளியே எடுக்கவே இல்லை. தங்கச்சி இருக்கிறாள்.

விசில் ஊதிற்று.

எழுந்தது காண் புழுதி. வில்லிலிருந்து விடுபட்டாற்போல் பாய்ந்தாள் ராசாத்தி மகள். பத்தாம் மீட்டரில் அவள் ரிப்பன் பின்னல் தோளைவிட்டு எழுந்தது. இருபதாம் மீட்டரில் ஆறில் ஒருத்தியாய் இருந்தவள் தனியொருத்தி ஆனாள். முப்பதில் அவள் நிழலே அவளைப் பிடிக்கமுடியாமல் பின்தங்கிற்று. “ஓடு கண்ணு” என்று ராசாத்தி கத்தினாள். நாற்பதாம் மீட்டரில் சௌமியாவுக்கும் அவளுக்கும் இடையே ஒரு மாட்டுவண்டி போகலாம். இளவேனில் கேமராவைக் கண்ணோடு சேர்த்தாள். கண்ணாடியினுள் குழந்தை வளர்ந்தாள், இன்னும் வளர்ந்தாள், நிறைந்தாள். எட்டு மாதக் கோபம் முழுவதும் ஒரு விரல் நுனியில் வந்து குவிந்தது.

தேவதர்ஷினி நிமிர்ந்து பார்த்தாள். ரிப்பனுக்கு அப்பால் கறுப்புக் கேமரா. அதற்கு மேலே சித்தியின் நெற்றி.

நின்றுவிட்டாள்.

ரிப்பனுக்கு இரண்டடி முன்னே, குதிகால் சேர்த்து, கைகளைத் தொடையோடு ஒட்டி, கழுத்தை நீட்டி, வாய் நிறையச் சிரித்து, ஆடாமல் அசையாமல் நின்றாள். நொடியை ஆயிரமாய் நறுக்கி உறையவைக்கச் சித்தி பத்து நாள் பாடுபட்டது எதையோ, அதைத் தானே செய்து கொடுத்துவிட்டாள். சௌமியா கடந்தாள். இன்னொருத்தி கடந்தாள். மற்ற மூவரும் கடந்தனர். ரிப்பன் பறந்தது. “ஏய் பாப்பா, ஓடு, ஏன் நிக்கிற, ஓடு” என்று அருள்ராஜ் அலறினார். திடலே அலறியது. ராசாத்தி அலறியதில் பாட்டில் மூடி தெறித்தது. குழந்தை கண்டுகொள்ளவில்லை. அவள் காத்திருந்தது ஓர் ஒலிக்கு.

விரலுக்கு எதுவும் தெரியாது. அது தன் கடமையைச் செய்தது.

டிக்.

குழந்தை மூச்சு விட்டாள். மிச்சமிருந்த இரண்டடியை நடந்து கடந்து, ஆறு பேரில் ஆறாவதாக வந்து, சித்தியின் முன் நின்று சொன்னாள்: “ஆடவே இல்ல சித்தி.”

இளவேனிலுக்குக் கோபம் வரவில்லை. கோபத்தை எங்கே வைப்பது என்று தேடினாள். ஸ்ரீதர்மேல் வைத்துப் பார்த்தாள், பிரான்சிமேல் வைத்துப் பார்த்தாள், கையேடு எழுதியவன்மேல் வைத்துப் பார்த்தாள். எங்கும் நிற்காமல் அது திரும்பி அவள் முழங்காலடியிலேயே வந்து படுத்தது. ராசாத்தி ஓடிவந்து மகளை இழுத்து அணைத்து, “ஏன்டி நிக்கிற, கழுத” என்று தொடங்கி, மகளின் முகத்தில் இருந்த பெருமிதத்தைப் பார்த்துப் பாதியில் நிறுத்தி, தண்ணீரைக் கொடுத்தாள்.

அங்கே ஸ்ரீதர் தம் படைக்கலத்தின் திரையை நோக்கிக்கொண்டிருந்தார். மகள் வென்ற கணத்தில் அவரது கேமரா இருபத்து மூன்று படங்களைப் பொழிந்திருந்தது. இருபத்து மூன்றிலும் ரிப்பன் பிடித்த அருள்ராஜின் முழங்கை, ரோமம் ரோமமாய், மிகத் தெளிவாக இருந்தது. அதற்குப் பின்னே சௌமியா ஒரு பச்சைத் தீற்றல். ராசாத்தி சென்ற ஆண்டு தன் செல்போனைப் பார்த்த முகம் இன்று ஒரு காக்கிக் கோட்டின் மேலே இருந்தது.

அந்நேரம் கழுத்தில் பென் டிரைவைத் தாலிபோல் தொங்கவிட்டபடி பீமராவ் எழுந்தருளினார்.

“இரண்டாங் கிளாஸ் கேர்ள்ஸ், யார்ட்டயாச்சும் தேறுன போட்டோ இருக்காங்க? சாயந்தரம் ஃப்ளெக்ஸுக்கு டிசைன் அனுப்பணும்.”

ஸ்ரீதர் பதினொரு பாக்கெட்டில் ஒன்றில் எதையோ தேடினார். செல்போன்காரர்கள் ஒவ்வொருவராகத் தம் தீற்றல்களைக் காட்டி, தலையசைப்பு வாங்கி விலகினர். பீமராவின் பார்வை இளவேனில்மேல் வந்து நின்றது.

“உங்கள்ட்ட ஏதும் இருக்காங்க?”

“இருக்கு. ஆனா பாப்பா ஆறாவது.”

“அட, எத்தனாவதுன்னு…”

“ரோட்டுல போறவன் கேக்கமாட்டான்” என்று அவளே முடித்தாள்.

அந்தோ, காலத்தின் சதுரங்கம். சென்ற ஆண்டு எந்த அநியாயத்தைக் கண்டு கொடி சாயப் புகுந்தாளோ, அதே அநியாயம் இன்று வாசல் திறந்து, வாங்க உட்காருங்க என்றது. முதலாவதாக வந்தபோது இடமில்லை. கடைசியாக வந்தபோது இடம் காத்திருக்கிறது. நேர்மை ஒரு தோளைப் பிடித்து இழுத்தது. மற்றத் தோளில் ராசாத்தியின் கை இருந்தது. ஃப்ளெக்ஸ் வரும் இடத்தில் எட்டு மாதம் தரையைப் பார்த்து நடந்தவளின் கை. “காட்டேன்டி” என்றாள் அக்காள், மெல்ல. இளவேனில் நேர்மையிடம் ஒரு நாள் லீவு சொன்னாள். விரலை மீண்டும் உயர்த்தி, படம் பார்க்கும் பொத்தானை அமுக்கினாள்.

ஒளிர்ந்தது திரை. என்னே அப்படம். மூவேந்தரும் கைகோத்து வழங்கிய அருட்கொடை. பின்னே பனி கலைந்த நீலத்தில் ராஜகோபுரம் அடுக்கடுக்காய் எழ, இருபுறமும் கோட்டைக் கடந்த ஐந்து சிறுமியர் மண்ணில் கால் படாமல் அந்தரத்தில் உறைந்திருக்க, தெறித்த சுண்ணாம்புத் துகள்கள் விண்மீன்போல் தனித்தனியே மின்ன, பாட்டில் மூடி ஒன்று வானில் தொங்க, நட்டநடுவே, ஊர் முழுதும் ஓடும்போது தான் ஓடேன் என்று தேர்போல் நிலைகொண்டு நின்றாள் தேவதர்ஷினி. பீமராவ் பென் டிரைவைக் கழற்றினார். ஸ்ரீதர் அருகே வந்து, நெடுநேரம் பார்த்து, “எக்ஸ்போஷர் பிரமாதம்மா” என்றார், மனமாரத்தான் சொன்னார். ராசாத்தி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு இன்னும் குனிந்தாள். “மூஞ்சியக் கொஞ்சம் பெருசு பண்ணுங்க” என்றார் பீமராவ். ஐந்து தலைகள் ஒரு சிறு திரையின்மேல் கவிய, இருநூற்று எழுபது பக்கமும் பயின்ற அந்த வீர விரல் சக்கரத்தைத் திருகிற்று. கோபுரம் விலகியது, சிறுமியர் விலகினர், திரை நிறைய ஒரே முகம் வந்து நின்றது.

அதில் தேவதர்ஷினி கண்ணை மூடியிருந்தாள்.